பாட்டியின் உளியை எந்தப் பெட்டியில் வைப்பது?

நீங்கள் கேட்டது பசையைப் பற்றி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி விட்டுச்சென்ற உளி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு இரண்டு, ஒரு தகரப்பெட்டி, சிவப்பு அடையாள அட்டை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எடுத்த ஒரு குழுப்படம், ஒரு கட்டுச் சம்பளச் சீட்டு. இவற்றைப் பலகையில் பொருத்திக் கோயில் மண்டபத்தில் வைக்க வேண்டும். தோட்டம் கைமாறிய பிறகும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே தங்கி மாற்றுவீடு கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக அது பேச வேண்டும். எந்தப் பசை நிற்கும் என்று கோலாலம்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், போகிறபோக்கில், 'நான் கலை படித்தவள் இல்லை, சின்னம்மா இதற்கு ஒப்புக்கொள்வாரா என்றும் தெரியவில்லை' என்று ஒரு வரி. அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பசைக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தப் பொருள்களில் கைவைக்க உங்களுக்கு உரிமை உண்டா, வைத்தால் அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது பயன் உண்டா என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

நானும் கலைக்கல்லூரிப் பக்கம் போனவன் அல்லன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் படச்சட்டம் போடும் கடையில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது சொந்தக் கடை. சாமி படம், பட்டமளிப்புப் படம், இறந்தவர் படம் என்று முப்பது ஆண்டுகளாகச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் இருபது ஆண்டுகளாகப் பழம்பொருள்களைப் பெட்டிக்குள் அமைக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. மரம், கண்ணாடி, ஈரம், கரையான் பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் நம்பலாம். கலை வரலாறு நான் படித்தும் பார்த்தும் சேர்த்தது. சட்டத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் உரியவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் செய்ய நினைப்பதற்கு அசெம்ப்ளாஜ் என்று பெயர். வரையாமல், செதுக்காமல், ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிட்ட பொருள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படைப்பாக்குவது. அந்தச் சொல்லை 1950களில் கலைக்குக் கொண்டுவந்தவர் ழான் துபுஃபே என்ற பிரெஞ்சு ஓவியர். 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் பெயரில் பெரிய கண்காட்சி நடத்திய பிறகு உலகெங்கும் பரவியது. பெயர்தான் அவர்களுடையது. நவராத்திரிக்குப் படி கட்டிப் பொம்மை அடுக்கும் வீட்டில், எதன் பக்கத்தில் எது உட்கார வேண்டும் என்று அக்காள் தங்கைக்குள் நடக்கும் வழக்கை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அப்பாவின் திதிக்குப் படையல் போடும்போது இலையில் சோறு மட்டுமா வைக்கிறோம்? அவர் பிடித்த சுருட்டு, புது வேட்டி, சில வீடுகளில் ஒரு போத்தல் ஸ்டவுட். அந்த இலையைப் பார்த்தாலே போனவர் எப்படிப்பட்டவர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளங்கிவிடும். ஆகவே படிக்கவில்லையே என்ற தயக்கத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

படையலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இலைக்கு முன்னால் உட்காருகிறவர்கள் எல்லாரும் உறவு, அவர்களுக்குக் கதை தெரியும். மண்டபத்துக்கு வருகிறவருக்கு உங்கள் பாட்டி யாரென்றே தெரியாது. தோட்டம், கூலி, வீடு என்ற பொதுக்கதைதான் அவருக்குத் தெரியும், அதையும் நூறு மேடைகளில் கேட்டுச் சலித்திருப்பார். பொதுக்கதையை மட்டும் எடுத்தால் கையில் கிடைப்பது சுவரொட்டி. பாட்டியை மட்டும் எடுத்தால் அது உங்கள் வீட்டு அலமாரி. இரண்டும் ஒரே பொருளில் சந்திக்கிற இடம் ஒன்று அந்தத் தகரப்பெட்டிக்குள் கட்டாயம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை ஆணி அடிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது; மற்றதெல்லாம் தொழில் நுணுக்கம்.

இந்தச் சந்திப்பை எனக்குக் காட்டியவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த பெட்டி சார் என்ற கறுப்பினக் கலைஞர். (வாழ்நாளெல்லாம் பெட்டிக்குள் வேலை செய்தவருக்குப் பெயரும் பெட்டி, தமிழ்க் காதுக்கு மட்டும் கிடைக்கிற வேடிக்கை.) 1926இல் பிறந்தவர். சிறுமியாக வாட்ஸ் பகுதியில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி உடைந்த ஓடுகளையும் போத்தலையும் சிப்பியையும் சிமெண்டில் பதித்துத் தனியாளாகக் கோபுரங்கள் எழுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர். 1972இல் அவர் செய்த 'ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை' ஓர் அடி உயரம்கூட இல்லாத சின்னப் பெட்டி. உள்ளே, கறுப்பின வேலைக்காரியைக் கேலியாகக் காட்டும் ஒரு சமையலறைப் பொம்மை. பின்சுவர் முழுக்க அதே முகம் அச்சிட்ட 'ஆன்ட் ஜெமைமா' பலகார மாவு விளம்பரம். பொம்மையை அவர் உடைக்கவில்லை, சாயம் பூசி மறைக்கவில்லை. ஒரு கையில் துடைப்பம் இருக்க, மறுகையில் துப்பாக்கியைக் கொடுத்தார். அதே பெண்மணி, தம் பெரிய பாட்டி ஹாட்டி இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற சாமான்களைக் கொண்டு 1975இல் இன்னொரு பெட்டி செய்தார். அதில் துப்பாக்கி கிடையாது, கோஷம் கிடையாது. குரலை எங்கே உயர்த்த வேண்டும் என்பதைப் பொருளே முடிவு செய்ய விட்டிருக்கிறார்.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1974இல் கோலாலம்பூரில், மலாய் மொழி வளர்ப்பு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவில் ரெட்சா பியாடாசா, சுலைமான் ஈசா என்ற இரண்டு கலைஞர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். வெற்றுப் பறவைக் கூண்டு, பாதி குடித்த இரண்டு கோக்க கோலா போத்தல், எரிந்து முடிந்த கொசுவர்த்தி, கிள்ளான் குப்பைமேட்டில் எடுத்த ஒரு மழைக்கோட்டு, பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தும் கடை ஒன்றில் கூட்டி எடுத்த முடி. வந்தவர்கள் பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் பாடமாக இருப்பது பொருளைவிடப் பக்கத்தில் இருந்த குறிப்பு. கூண்டுக்கு அவர்கள் எழுதிய பெயரில், பறவை விடுவிக்கப்பட்டது 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46 மணி என்று இருந்தது. 'சுதந்திரம்' என்று தலைப்பு வைத்திருந்தால் நானே கொட்டாவி விட்டிருப்பேன். மணியும் நிமிடமும் எழுதியதால் கூண்டைப் பார்க்கிறவர் பறவையைத் தேடுகிறார். ரெட்சா பியாடாசா பின்னாளில் பல இனக் குடும்பங்களின் பழைய ஸ்டுடியோ படங்களை வைத்து ஒரு வரிசையே செய்தார். எங்கள் பினாங்கில் பிறந்த சீனக் கலைஞர் வோங் ஹோய் சியோங், குடும்பம் புலம்பெயர்ந்த கதையையும் ரப்பர் மரத்தையும் இணைத்து 1996இல் கண்காட்சி வைத்தார். ரப்பர் என்றால் நம்மவர் கதை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு குட்டு.

இப்போது உரிமை. இறந்தவர் பொருளை நான் நான்காகப் பிரித்துக்கொள்வது வழக்கம். உங்கள் கைக்கென்று அவர் கொடுத்துவிட்டுப் போனது, உடன்பிறந்தோர், சின்னம்மா, மாமா எல்லாருக்கும் பொதுவானது, அரசாங்கத்துடையது, சாமிக்குப் போனது. முதல் வகையில் உங்கள் விருப்பம்போல் செய்யலாம். இரண்டாவது வகையை, எல்லாரும் தலையசைக்கும்வரை அறுக்கவோ துளையிடவோ கூடாது. நான்காவதில், தாலி, தீட்சை பெற்ற மாலை, காவடியின் பாகம், பூசித்த விக்கிரகம் போன்றவை வந்தால் நான் வேலையையே எடுப்பதில்லை. இது சட்டம் அல்ல, என் பிடிவாதம். எத்தனை அழகாக வைத்தாலும் பார்க்கிறவர் கண் அதிலேயே நின்றுவிடும், மற்றது எதுவும் பேசாது என்ற தொழில் காரணமும் உண்டு.

பொதுவான பொருளைப் பற்றி நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் என் சொந்தக் கூத்து. அப்பா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். 1969இல் தீவின் வரியில்லாத் துறைமுகத் தகுதி போனபோது வேலையும் மெலிந்தது. அவர் இறந்த மறு ஆண்டு, சாக்கு தூக்கும் கொக்கியையும், சகாக்களோடு அவர் நிற்கும் ஒரே படத்தையும் வைத்து என் முதல் பெட்டியைச் செய்தேன். மூலப்படத்தையே செருப்புக்கடைப் பசையால் பலகையில் ஒட்டினேன். கொக்கியைப் படத்துக்கு ஓர் அங்குலம் மேலே தொங்கவிட்டேன், அப்பாவின் தலைக்கு மேல் கேள்விக்குறி போல இருக்கும் என்று. இரண்டு மழைக்காலம் போயிற்று. பசை மஞ்சளாக மேலே கசிந்தது, பூஞ்சை படர்ந்தது, முகம் போய்விட்டது. அத்தை வந்து பார்த்தார். 'உன் அப்பன் முகம் உனக்கு மட்டுமா சொந்தம்?' என்று கேட்டுவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். அந்தப் படத்துக்கு நகல் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாகிப்போன அந்தச் சதுரத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, எல்லாப் படத்தையும் தாளையும் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, மூலத்தைத் திரும்பத் துணியில் சுற்றி வைப்பது. பெட்டிக்குள் போவது நகல் மட்டும். அமிலமில்லாத் தாளில், நிறமி மையில் அச்சிட்ட நகல். மூலத்தை வைத்தால்தான் உயிர் இருக்கும் என்று வாதிடும் கலைஞர்கள் உண்டு. மரத்துக்கும் இரும்புக்கும் அதை ஒத்துக்கொள்கிறேன், தாளுக்கு மாட்டேன்.

சிவப்பு அட்டை மூன்றாவது வகை. அது அரசு ஆவணம், வெட்டுவதோ துளையிடுவதோ குற்றமாகும். மரணத்தைப் பதியும்போது அடையாள அட்டையை ஒப்படைப்பது நடைமுறை. அது எப்படியோ உங்கள் வீட்டில் தங்கிவிட்டிருக்கிறது என்றால், கண்காட்சிக்கு முன்னால் தேசியப் பதிவு இலாகாவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நகலையும் அதே அளவில் வைக்காதீர்கள். பெரிதாக்கி, எண்ணை மறைத்து வையுங்கள். அட்டை ஏன் சிவப்பு என்று நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு வழங்குவது சிவப்பு. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உங்கள் பாட்டி போகவில்லை. ஏன் போகவில்லை, அந்த வாரங்களில் லயத்தில் யார் யார் மூட்டை கட்டினார்கள் என்பது சின்னம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் அதை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியிருந்தும் அட்டையை நான் நடுவில் வைக்க மாட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கண் நின்றது சம்பளச் சீட்டில். பிடித்தம் என்ற பகுதியில் சேமநிதி, சங்கச் சந்தா, கடைப்பற்று, அதற்குக் கீழே கோயில் சந்தா என்று ஒரு வரி. மாதாமாதம், சீட்டுக்குச் சீட்டு அந்த வரி தவறாமல் வருகிறது. நீங்கள் இதைக் காட்சிக்கு வைக்கப்போவது அதே கோயில் மண்டபத்தில்! லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். நிலம் விற்றால் கோயில் நிற்கும் இடமும் வாங்கியவர் பெயருக்குப் போய்விடும். அந்தத் தூணுக்கும் ஓட்டுக்கும் யார் கூலியிலிருந்து காசு போனது என்பதை அந்த ஒரு வரி சொல்கிறது. இது உங்கள் பாட்டியின் கையெழுத்தோ கைநாட்டோ உள்ள தாள். அதே சமயம் அந்த லயத்தில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கக்கூடிய தாள். நான் மேலே சொன்ன சந்திப்பு இதுதான்.

எப்படி வைப்பது? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு தோன்றினால் அதைச் செய்யுங்கள். தகரப்பெட்டியை நிமிர்த்தி, மூடியைத் திறந்து, உள்பக்கத்தை மரப்பட்டையின் நிறத்தில் விடுங்கள். சீட்டுகளின் நகலை நேர்வரிசையில் ஒட்டாமல், மரத்தில் போடும் வெட்டுப்போலச் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்க அடுக்குங்கள். கோயில் சந்தா வரி மட்டும் மறையாமல் தெரிய வேண்டும். சாய்வு முடிகிற இடத்தில், கம்பி வளையத்தில் ஒரு மங்கு. மங்கு காலியாக இருக்கட்டும். சில்லறை போட்டு நிரப்பலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகை, சாய்வை மாற்றிவிடாதீர்கள். மரத்தின் பால்குழாய்கள் மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஓடுவதால், இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களைத் திறக்கும். நான் ஒருமுறை மாற்றி வைத்துவிட்டு, கூலிமிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். 'தம்பி, இந்த மரம் சீவினவன் இடக்கையனா?' என்றார். சாய்வு சரியாக இருந்தால், மரம் சீவியவர்களுக்கு நீங்கள் ஒரு சொல் விளக்க வேண்டியதில்லை. அவர்கள்தான் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்கு விளக்குவார்கள்.

அப்படியானால் உளி எங்கே? வைக்காமல் விட்டால் என்ன? உளியும் பால்வாளியும் இல்லாத தோட்டக் கண்காட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்துப் பார்த்து அவை வெறும் அடையாளமாகிவிட்டன. வைத்தே தீர வேண்டுமென்றால் கூர்முனையைக் காட்டாமல், பிடியைக் காட்டும்படி திருப்பி வையுங்கள். முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அதில் இருக்கும். குழுப்படத்தை வைப்பதாக இருந்தால், அதில் நிற்கும் மற்றவர்களின் குடும்பங்களைத் தேடிக் கேட்டுவிட்டு வையுங்கள்.

பசைக்கு வருகிறேன். முதலில் கட்டுங்கள், கட்ட முடியாததைத் திருகாணியால் பிடியுங்கள், கடைசியில்தான் பசை. கம்பி, பருத்தி நூல், கம்பளித்துணி ஒட்டிய பித்தளைக் கொக்கி, இவை மூன்றும் பெரும்பாலான பொருளைப் பிடித்துவிடும், நாளைக்குச் சின்னம்மா மனம் மாறினால் காயமில்லாமல் கழற்றவும் முடியும். சூட்டுப் பசைக்குச்சி நம் ஊர் வெயிலில் இளகி, ஒரு மதியம் மங்கு தரையில் கிடக்கும். உடனடி ஒட்டுப்பசை நொறுங்கும் தன்மையுடையது, ஈரத்தில் வலுவிழக்கும். இரட்டைக் குழல் எபாக்சி பிடித்தால் விடாது, ஆனால் மஞ்சளாகும், திரும்பக் கழற்ற முடியாது. கல்லையும் இரும்பையும் தவிர வேறெதற்கும் நான் எடுப்பதில்லை. வெள்ளை மரப்பசை மரத்துக்கு நல்லது, தாளுக்கு வேண்டாம். தாளை ஒட்டவே வேண்டாம், நான்கு மூலைகளையும் செருகும் ஒளிபுகு மூலைப்பட்டைகள் கிடைக்கின்றன. இவையெல்லாம் கைகண்டவை.

ஈரத்தைப் பற்றி மட்டும் எனக்கும் அருங்காட்சியகக்காரர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. நம் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், 65ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம் என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் பெட்டியை இறுக மூடி உள்ளே சிலிக்கா ஜெல் வைக்கச் சொல்வார்கள். குளிர்சாதன அறைக்கும், ஜெல்லை மாற்ற ஆள் இருக்கும் இடத்துக்கும் அது சரி. கோயில் மண்டபத்தில் யார் மாற்றுவது? ஊறிப்போன ஜெல் ஈரத்தைத் திரும்ப உள்ளேயே விடும். அதனால் நான் பின்பக்கம் மேலும் கீழுமாகச் சிறு துளைகள் இட்டு, பூச்சி நுழையாமல் மெல்லிய வலை அடித்து, காற்றோட விடுகிறேன். சுவரில் பதியாமல் இரண்டு விரல் இடைவெளியும் விடுவேன். என் பெட்டிகள் தாங்கியிருக்கின்றன. எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். கற்பூரமும் எண்ணெய் விளக்கும் எரியும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், கரி படிந்தால் தாளிலிருந்து எடுக்க முடியாது. பழைய தாளில் இராமபாணப் பூச்சி இருந்தால், பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் மூடி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்துவிட்டு, எடுத்த பிறகு ஒரு நாள் உறையைப் பிரிக்காமலேயே விடுங்கள்.

துருவை முழுக்கச் சுரண்டாதீர்கள். உதிர்வதை மட்டும் பித்தளைத் தூரிகையால் தட்டிவிட்டு, டானிக் அமிலக் கரைசலைப் பூசினால் துரு கருநீலமாக மாறி நின்றுவிடும், அதன்மேல் மெல்லிய மெழுகு. தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், சிக்குப்பிடித்து எறும்பைக் கூப்பிடும். உளிப்பிடியில் படிந்திருக்கும் கை அழுக்கைத் தொடவே வேண்டாம். வெட்டுக்கோட்டில் உறைந்த கோட்டுப்பால் ஒரு சுருள் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெளிச்சத்திலும் காற்றிலும் அது முதலில் பிசுபிசுக்கும், பிறகு நொறுங்கும், வாடையும் போகாது. கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தால் சில ஆண்டு வரும். ரப்பர் வளையம், டயர்த் துண்டு, காலணி போன்ற பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் உண்டு, பாட்டியின் வெள்ளிக் கொலுசை அவற்றோடு ஒரே பெட்டியில் அடைத்தால் கறுத்துவிடும்.

இடித்த லயத்திலிருந்து பலகையும் கூரைத் தகடும் எடுத்துவர நினைக்கிறீர்கள். நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி இல்லாமல் போகாதீர்கள்; வழக்கு நடக்கும் இடமென்றால் அந்தக் குடும்பங்களின் வழக்கறிஞரையும் கேளுங்கள். பழைய நெளிவுக்கூரை அஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அதை அறுக்கவும் உடைக்கவும் கூடாது, தூசி நுரையீரலில் தங்கினால் புற்றுநோய் வரை போகும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். கரையான் தின்ற பலகை அழகாகத்தான் இருக்கும், உள்ளே இன்னும் குடியிருந்தால் மண்டபத்துக் கதவையும் தின்றுவிடும். இல்லாத பொருளுக்குப் பதிலாகப் பழைய சாமான் விற்கும் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்துப் பசார் காராட்டிலோ எங்கள் லோரோங் கூலிட் சந்தையிலோ மங்கும் உளியும் வாங்கலாம், தவறில்லை. வாங்கியதை வாங்கியது என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் யாரோ ஒருவரின் குடும்பப் படத்தை மட்டும் உங்கள் பாட்டி வரிசையில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, இது அந்தக் குடும்பங்களுக்குப் பயன்படுமா? இங்கே என் அனுபவம் அவ்வளவு உற்சாகமானது அல்ல. பினாங்கில் புவா பாலா கிராமம் 2009இல் இடிக்கப்பட்டபோது கேமராக்களுக்குக் குறைவே இல்லை, வீடுகள் நிற்கவில்லை. வேறொரு குடியிருப்பின் கூட்டத்துக்கு நான் செய்துகொடுத்த பெட்டிக்கு முன்னால் ஓர் அரசியல்வாதி நின்று படம் எடுத்துக்கொண்டார், நன்றாக வந்திருக்கிறதா என்று இரண்டாவது தடவையும் எடுத்துக்கொண்டார், பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி சார் கேலி செய்த மாவு நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிடுவதாக அறிவித்தது 2020இல், அவர் பெட்டியைச் செய்து 48 ஆண்டு கழித்து. அதுவும் அந்தப் பெட்டியால் என்று யாரும் சொல்ல முடியாது. மனுவும் வழக்கும் செய்ய வேண்டிய வேலையைப் பெட்டி செய்யாது. நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பாட்டி, மங்கைப் பார்த்ததும் தமக்கு ஒதுக்கிய நிரையில் எத்தனை மரம், எந்தக் கங்காணி கூலியில் எவ்வளவு வெட்டினார் என்று அரைமணி நேரம் பேசினார். பக்கத்தில் இருந்த பையன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தான். அந்தப் பதிவு குடியிருப்பாளர் குழுவின் கோப்புக்குள் போயிற்று. அதனால் நீங்களும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் ஒரு நோட்டுப்புத்தகமும் போடுங்கள், எழுதத் தெரிந்த ஒருவரையும் உட்கார வையுங்கள். மற்ற வீடுகளில் கிடக்கும் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்து உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாருடைய மூலத்தையும் ஓர் இரவுகூட உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வார இறுதியில் சின்னம்மா வீட்டுக்குப் போங்கள். படத்தைக் கைப்பேசியில் காட்டாமல், சாமான்களையே ஒரு துணியில் கட்டி எடுத்துப் போங்கள். மேசையில் பரப்பிவிட்டு, எதைக் கையில் எடுக்கிறார், எதைத் தொடாமல் ஒதுக்குகிறார் என்று மட்டும் பாருங்கள். அதன் பிறகு தகரப்பெட்டியின் உள்ளளவை, முக்கியமாக ஆழத்தை, எழுதுங்கள். மங்கு மூடியில் இடிக்காமல் இருக்க எவ்வளவு நீளக் கம்பி வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.